ஏழு விரல் இலை

முவைலா, ஷார்ஜா
9-2-2006

பேரன்பும் நன்மதிப்பும் பூண்ட தம்பி வீரபாண்டி அவர்களுக்கு,

உன் தமக்கை ஜெயமணி எழுதும் மடல். மறுமொழி தாமதமானதற்கு முதற்கண் பொறுத்தருள வேண்டுகிறேன். சனவரி இருபதாம் நாள் நீ எழுதிய கடிதம் உன் மச்சானுடைய நிறுவனத்தின் அஞ்சல் பெட்டிக்கு உரிய காலத்தில் வந்தும், அவர் அதைப் பண்டகசாலை மேசையின் இழுப்பறையில் போட்டுப் பத்து நாட்கள் மறந்துபோனார். "ஒரு கடுதாசிதானே, நாளைக்குக் கொண்டாந்தா கெட்டா போயிரும்?" என்று சிரிக்கிறார். இங்கு நானும் அவரும் உன் மருமகள் ராதிகாவும் குறைவின்றி இருக்கிறோம். உன் நலத்தை உன் கையெழுத்தில் அறிய விழைகிறேன். தொலைபேசியில் நீ 'ம்' என்பதைத் தவிர வேறொன்றும் சொல்வதில்லை.

நிற்க. சோஹார்த் துறைமுகப் பணியிடத்தில் கிரேன் ஓட்டுநருக்குக் கையால் சைகை காட்டிக்கொண்டு நாள் முழுதும் வெயிலில் நின்றவன், இப்போது சாமான் கிடங்குக்குக் காவலாகத் தனி அறையோடு அமர்த்தப்பட்டிருக்கிறாய் என்று படித்து மகிழ்ந்தேன். முப்பது வயதுக்குள் இப்படியோர் உயர்வு நம் குடும்பத்தில் எவருக்கும் வாய்த்ததில்லை. உன் மச்சானுக்கு இருமுறை படித்துக் காட்டினேன்.

ஒரு குறை. டிசம்பரில் நீ எழுதிய கடிதம் அச்சில் வார்த்ததுபோல் இருந்தது. இது கோழி கிண்டிய மண்போல் இருக்கிறது. பதவி வந்தால் பணிவு குறையலாம், கையெழுத்து குறையலாகாது.

அறைக்குள் விதையிலிருந்து செடி வளர்ப்பது எப்படி என்று கேட்டிருக்கிறாய். கேட்க வேண்டிய ஆளிடம் கேட்டாய். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான், படித்ததெல்லாம் நானே தேடிப் படித்தது என்பது உனக்குத் தெரியும். இன்று இந்தக் கட்டடத்தில் யார் வீட்டுச் செடி வாடினாலும் அதன் இலையொன்றை உறையில் போட்டு என் கதவடியில் தள்ளிவிட்டுப் போகிறார்கள். நான் செடியைப் பார்ப்பதில்லை. இலையைப் பார்த்தே பிணியைச் சொல்லிவிடுவேன். பார்த்த இலைகளை நாள் குறித்து, வரிசையாக ஒட்டி, குறிப்பேடு ஒன்று வைத்திருக்கிறேன்.

ஆனால் இந்த அறிவு எளிதில் வந்ததன்று. முதல் கறிவேப்பிலை நான் அன்பு மிகுந்து ஊற்றிய தண்ணீரில் அழுகியது. இரண்டாவது, ஏசி வெளியே தள்ளும் வெப்பக் காற்றில் கருகியது. மூன்றாவதற்கு மீன் கழுவிய நீரை ஊற்றினேன். உப்புப் பூத்துச் செத்தது. நான்காவது இப்போது என் தோளுயரம். செத்த செடியை உடனே தூக்கி எறியாதே. எங்கே தவறினோம் என்பதை அது ஒன்றுதான் ஒளிக்காமல் காட்டும்.

என்ன செடி என்று எழுதவில்லையே?

உன் தமக்கை,
ஜெயமணி


சோஹார்
26-2-2006

அன்புள்ள அக்காவுக்கு,

வீரபாண்டி எழுதுவது. நலம். நீ, மச்சான், மருமகள் நலமாக இருக்க வேண்டும்.

எனக்கு 'அவர்கள்' போட்டு எழுதுகிற ஆள் உலகத்தில் நீ ஒருத்திதான். என் தபால் மளிகைக்கடை கௌஸ் முகைதீன் பாயின் பெட்டிக்குத்தான் வருகிறது. தொண்டிக்காரர், வாய் சும்மா இருக்காது. "வீரபாண்டி அவர்களே, கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து தபால் வந்திருக்கு, எழுந்து நின்னு வாங்குங்க" என்று கடையில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கும்படி கத்துகிறார்.

உயர்வெல்லாம் இல்லை அக்கா. இடம் மாற்றினார்கள், அவ்வளவுதான்.

விதை போட்டேன். பத்து முளைத்தது. நாலாம் நாள் எல்லாம் தண்டு மெலிந்து சாய்ந்துவிட்டது. என்ன செடி என்று கேட்டாய். கீரை மாதிரி ஒன்று. கேம்ப்பை விட்டு ஊருக்குப் போன ஒருத்தர் காகிதத்தில் மடித்துக் கொடுத்த விதை. பேர் சரியாகத் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

சைட்டில் சனவரியில் ஒரு ஆள் தவறிவிட்டான். நம் பக்கத்து ஆள், பாண்டித்துரை என்று பேர். அது பெரிய கதை. விடு.

சாய்ந்த செடிக்கு என்ன செய்வது என்று எழுது.

தம்பி,
வீரபாண்டி


முவைலா
12-3-2006

அன்பிற் சிறந்த தம்பி வீரபாண்டி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கு யாவரும் நலம். உன் நலத்தை உன் கையெழுத்தில் அறிய விழைகிறேன். கௌஸ் முகைதீன் அவர்களுக்கு என் வணக்கம். அவர் கேலி செய்யட்டும். மரியாதை எழுதினவளுக்குத்தான் அழகு.

மறைந்த பாண்டித்துரையின் ஆன்மா அமைதி பெறுவதாக.

இப்பவும், உன் நாற்றுகள் சாய்ந்ததற்குக் காரணம் நீரும் காற்றின்மையுமே. மண் மேலே காய்ந்தபின் விரலை உள்ளே விட்டுப் பார். ஈரம் இருந்தால் ஊற்றாதே. குழந்தை அழுவதற்கு முன் பால் கொடுக்கும் தாயைப்போல் நீ நடந்துகொண்டிருக்கிறாய். பத்தும் போயின என்று மனம் தளர வேண்டா. முதல் தோல்வி கற்பிப்பதை எந்த நூலும் கற்பிப்பதில்லை. விதை மிச்சமிருக்கிறதே, மீண்டும் தொடங்கு.

இலை நான்கு விட்டதும் ஒன்றைக் கிள்ளி, காகிதத்துக்குள் அழுத்தி, உறையில் வைத்து அனுப்பு. பெயர் நான் சொல்கிறேன். பெயர் தெரியாத செடியை வளர்ப்பது, பெயர் கேளாமல் விருந்தாளியை வீட்டில் வைத்திருப்பது போன்றது.

கையெழுத்து இம்முறையும் சீராக இல்லை. வரிகள் சரிவில் இறங்குகின்றன. காகிதத்துக்கு அடியில் கோடிட்ட தாளை வைத்து எழுது.

உன் தமக்கை,
ஜெயமணி


சோஹார்
4-4-2006

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். எல்லாரும் நலமா. மருமகளுக்குப் பரீட்சை முடிந்திருக்கும்.

நீ சொன்னபடி விரலை விட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினேன். இந்த முறை மூன்று பிழைத்தது. ஒரு சாண் வந்துவிட்டது. காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன். எழுந்ததும் என்று சும்மா எழுதிவிட்டேன். படுத்தால்தானே எழுவதற்கு.

ஆனால் இலை நுனியெல்லாம் பழுப்பாகிக் காய்கிறது. கிடங்கில் கிணற்றுத் தண்ணீர்தான் வருகிறது.

இலை அனுப்பச் சொன்னாய். அனுப்ப முடியாது அக்கா. ஓமன் பார்டர் தாண்டி இலை தழை அனுப்பக் கூடாதாம். கௌஸ் பாய் சொன்னார். அவர் இங்கே வந்து செடியைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். அவர் பேசாமல் போனது இதுதான் முதல் தடவை.

தம்பி,
வீரபாண்டி


முவைலா
20-4-2006

அன்பிற் சிறந்த தம்பி வீரபாண்டி அவர்களுக்கு,

இங்கு யாவரும் நலம். உன் நலத்தை உன் கையெழுத்தில் அறிய விழைகிறேன். காவல் பணியில் உறங்காதிருப்பது கடமைதான்; ஆயினும் உடம்பையும் பார்த்துக்கொள்.

நுனி கருகுவது உப்பினால். அந்தக் கிணற்று நீரை நிறுத்து. ஏசியிலிருந்து சொட்டும் நீரைப் பாத்திரத்தில் பிடித்து ஊற்று. என் மூன்றாவது கறிவேப்பிலை இதைக் கற்பிக்கத்தான் செத்தது.

சட்டத்தை மதித்து இலையை அனுப்பாதது உன் நேர்மை. என் தம்பியிடம் நான் எதிர்பார்ப்பதும் அதுவே. எனினும் வழி இருக்கிறது. இலையைக் காகிதத்தின் மேல் விரித்து வைத்து, பேனாவால் அதன் ஓரத்தை அப்படியே வரைந்து அனுப்பு. கோடு போதும் எனக்கு. கோடு பார்த்து நான் சொல்லாத செடி இதுவரை ஒன்றே ஒன்றுதான். அதுவும் பிளாஸ்டிக் செடி என்று பிறகு தெரிந்தது.

மறுக்காதே. உன் ஆசிரியை கேட்கிறேன்.

உன் தமக்கை,
ஜெயமணி


சோஹார்
14-5-2006

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்.

ஏசி தண்ணீர் ஊற்றினேன். பச்சை திரும்பியது. இப்போது புது இலைகள் மட்டும் உள்பக்கமாகச் சுருள்கின்றன. மூன்றில் ஒன்று நின்றுபோய்விட்டது. செத்ததைத் தூக்கி எறியாதே என்றாய். வேரைக் கழுவி ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கே தவறியது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை.

படம் வேண்டாம் என்றுதான் இருந்தேன். மற்ற இரண்டும் சாகக் கூடாது, அதனால் அனுப்புகிறேன். பார்த்துவிட்டுக் கிழித்துவிடு.

தம்பி,
வீரபாண்டி


முவைலா
28-5-2006

அன்பிற் சிறந்த தம்பி வீரபாண்டி அவர்களுக்கு,

இங்கு யாவரும் நலம். உன் நலத்தை உன் கையெழுத்தில் அறிய விழைகிறேன்.

படம் வந்து சேர்ந்தது. கிழிப்பதா? கிழிக்க வேண்டிய படமா அது! குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறேன். ஒரு காம்பிலிருந்து ஏழு விரல் விரித்த இலை. இத்தனை அழகான வடிவம் என் குறிப்பேட்டில் இல்லை. பெயர் சட்டென்று பிடிபடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆமணக்கோ என்று முதலில் ஐயுற்றேன்.

இரண்டாம் மாடி ஜலஜா வந்தாள். உனக்குத் தெரியுமே, திருச்சூர்ப் பெண். பார்த்ததும், "அய்யோ ஜெயச்சேச்சி, இது எங்க கப்பையல்லே!" என்று குதித்தாள். மரவள்ளிக் கிழங்கைத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். "விதையில் முளைத்ததாமே" என்றேன். "சிலது விதையிலும் முளைக்கும். உங்க தம்பிகிட்ட ஒரு தண்டு வெட்டி அனுப்பச் சொல்லுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் மரவள்ளி இலையின் ஓரம் வழவழப்பாக இருக்கும். உன் கோடோ முழுக்கப் பல் பல்லாக இருக்கிறது. "அது இலையின் குற்றமன்று, வரைந்தவன் கை நடுங்கியிருக்கிறான்" என்று நான் விளக்கினேன். அப்படித்தானே? ஒரு கோட்டைக்கூட நிதானமாக இழுக்க உனக்குப் பொறுமை இல்லை.

ஐயம் தீர வேண்டுமென்று படத்தை வெள்ளிக்கிழமை பூங்காவுக்குக் கொண்டுபோனேன். நம் தமிழ்க் குடும்பங்கள் எல்லாரும் பார்த்தார்கள். சாலையோர நாற்றங்காலில் செடி விற்பவரிடமும் காட்டினேன். அவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தெரியாது என்று உள்ளே போய்விட்டார். தொழில் செய்பவருக்கே தெரியவில்லை பார்.

இலை சுருள்வது மிகுந்த உரத்தால். எரு வைப்பதை ஒரு மாதம் நிறுத்து. ஜலஜாவுக்கு ஒரு தண்டு மறவாதே. மச்சானின் நண்பர் எவரேனும் அங்கிருந்து வரும்போது கொடுத்து அனுப்பு.

உன் தமக்கை,
ஜெயமணி


சோஹார்
5-6-2006

அக்கா,

படத்தை உடனே எடுத்துவிடு. எரித்துவிடு. இனி ஒருத்தருக்கும் காட்டாதே. காட்டினவர்களிடம் கப்பை என்றே சொல். தண்டும் கிடையாது, ஒன்றும் கிடையாது. மச்சானுக்குத் தெரிய வேண்டாம்.

எதுவும் கேட்காதே.

வீரபாண்டி


முவைலா
10-6-2006

வீரபாண்டிக்கு,

உன் ஐந்து வரிகள் இன்று கிடைத்தன. அவை வருவதற்கு இரண்டு நாள் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

ராதிகாவின் பள்ளியில் போதைப்பொருள் ஒழிப்பு பற்றிப் பேசிச் சிறு நூல் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் எடுக்கச் சமையலறைக்கு வந்தவள், கதவைத் திறக்காமல் நின்றுவிட்டாள். "அம்மா. ஆர் யூ மேட்? இதை ஏன் ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கே?" நூலின் மூன்றாம் பக்கத்தில் அந்த இலை. அதே ஏழு விரல். அதே பல். உன் கை நடுங்கவில்லை, இலையே அப்படித்தான். கஞ்சா.

உன் மச்சான் படத்தை எடுத்து, கழுவுதொட்டியில் வைத்துக் கொளுத்தி, குழாயைத் திறந்துவிட்டார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்தார். "நம்ம மூணு பேரு விசாவும் அந்தத் தாள்லதான்டி ஒட்டியிருந்துச்சு" என்றார். படத்தைப் பார்த்தவர்களை நான் எண்ணிப் பார்த்தேன். பதினேழு பேர். இன்று மாலைகூட ஜலஜா கதவைத் தட்டி, "தண்டு வந்தோ சேச்சி?" என்றாள். பட்டுப்போயிற்று என்றேன். நான் பொய் சொன்னதை அவள் துக்கம் என்று எடுத்துக்கொண்டு என்னைத் தேற்றினாள்.

நான்கு கடிதங்கள் எழுதியிருக்கிறேன் உனக்கு. நீர் எப்படி, உரம் எப்படி, தோற்றால் மீண்டும் எப்படி என்று. நான்கிலும் என் கையெழுத்து, என் பெயர், எங்கள் ஊர். உயிரே போனாலும் குற்றம் செய்ய நினையாத ஒருத்தியை இந்நாட்டுச் சிறைக்கு அனுப்பப் போதுமானவை அவை. அப்படி எழுத வைத்தாய். என் அறிவைக் கேட்டு வாங்கி இதற்குப் பயன்படுத்தினாய். கணவர் வேலை, மகள் படிப்பு, என் பெயர், எதையும் நீ நினைக்கவில்லை.

செடியை இன்றே அழி. விதை மிச்சமிருந்தால் அதையும். என் கடிதங்கள் அனைத்தையும் எரித்துவிடு. இது பற்றித் தொலைபேசியில் ஒரு சொல்லும் வேண்டா. எனக்குக் கடிதமும் இனி எழுத வேண்டா.

ஜெயமணி


சோஹார்
24-6-2006

அக்காவுக்கு,

இது கடைசி. எழுத வேண்டாம் என்றாய், சொல்லாமல் இருந்தால் பயந்துகொண்டே இருப்பாய் என்றுதான்.

செடி இல்லை. இரண்டையும் அன்றைக்கே வேரோடு பிடுங்கி ஒழித்துவிட்டேன். விதையும் இல்லை. நான் அதைப் பற்றவைத்ததும் இல்லை, யாருக்கும் கொடுத்ததும் இல்லை. மச்சான் காலில் விழுந்ததாகச் சொல்.

இந்த முறை நீ என் நலத்தைக் கேட்கவில்லை. பரவாயில்லை. நலம்.

வீரபாண்டி


சோஹார்
30-10-2006

மரியாதைக்குரிய சகோதரி ஜெயமணி அவர்களுக்கு,

மளிகைக்கடை கௌஸ் முகைதீன் எழுதிக்கொள்வது. தாங்களும் மச்சானும் பிள்ளையும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். நோன்பும் பெருநாளும் முடிந்து இன்றைக்குத்தான் உட்கார்ந்து எழுதக் கை ஒழிந்தது. தங்கள் தபால்களைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். நான் படித்ததில்லை. வீரபாண்டிதான் அவ்வப்போது வாசித்துக் காட்டுவார், பெருமையாக.

ஜூன் மாதம் வந்த தபாலை மட்டும் வாசித்துக் காட்டவில்லை. அதற்கப்புறம் உங்களைப் பற்றிப் பேச்சே இல்லை. நீங்கள் எத்தனை தடவை போன் அடித்தீர்களோ தெரியாது, அவர் போனை அணைத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டார்.

அம்மா, அவர் உங்களிடம் சொல்லாததை நான் சொல்கிறேன். தப்பென்றால் மன்னிக்கணும். சனவரி பதினொன்றாம் தேதி இரும்புக் கட்டு ஒன்றை கிரேன் தூக்கியபோது கீழே கயிறு பிடித்து நின்றவன் பாண்டித்துரை. ஓட்டுநருக்குக் கை காட்டியது உங்கள் தம்பி. இரண்டு பேரும் ஒரே சட்டியில் சாப்பிடுகிறவர்கள். கட்டு சரிந்தது, பையன் அடியில் போய்விட்டான். விசாரித்தவர்கள் கம்பிவடம் அறுந்ததுதான் காரணம் என்று எழுதிவிட்டார்கள். இவர் மேல் குற்றம் இல்லை. இவர் கேட்கணுமே. "நிறுத்துன்னு என் கை மேல போச்சா, போகலையா பாய்? எனக்கே தெரியலையே" என்று என் கடை வாசலில் உட்கார்ந்து கேட்பார். அன்றையிலிருந்து கை ஆடுகிறது. டீ கிளாஸைப் பாதிதான் ஊற்றிக் கொடுப்பேன், சிந்திவிடும் என்று. அதனால்தான் ஃபோர்மேன் "கலாஸ், போதும், ஸ்டோர்ல போய் உட்காரு" என்று அனுப்பினது. காவல் வேலை என்றால் அதுதான்.

தூக்கம் கிடையாது. அந்த விதையைக் கொடுத்தவன், இதை இழுத்தால் தூங்கலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். நான் பார்த்த அன்றைக்கு வந்த கோபத்தில் பேச வாய் வரவில்லை. அடுத்த நாள் போய்த் திட்டினேன். "பிடுங்கி எறிங்க, தலை போயிரும்" என்றேன். "எறியத்தான் பாய் போறேன், அக்கா சொல்லிக் குடுத்து பொழச்சது, ரெண்டு நாள் பாத்துட்டு எறியுறேன்" என்றார். ரெண்டு நாள் ரெண்டு மாசம் ஆனது. உங்கள் தபால் வந்த அன்றைக்கு நான் கூட நின்றேன். பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. கடிதங்களை மட்டும் எரிக்க மனம் வரவில்லை. ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, "நீங்களே வச்சுக்குங்க பாய்" என்று என்னிடம் கொடுத்தார். வேண்டாமென்றால் சொல்லுங்கள், எரித்துவிடுகிறேன்.

அன்றைக்கு அவர் ஒன்று சொன்னார். "அக்கா எல்லாம் எழுதிருக்கு. ஏன்டான்னு மட்டும் அது கேக்கலை பாய்."

இப்போது எழுதக் காரணம் வேறு. சைட்டில் சிக்னல் காட்ட ஆள் பற்றவில்லை. டிசம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து வீரபாண்டியை மறுபடி கிரேனுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். கை இன்னும் ஆடுகிறது, நான் தினம் பார்க்கிறேன். போய்ச் சொல்லுங்கள் என்றால், "என் கை ஆடுதுன்னு சொன்னா, அன்னிக்கும் ஆடிச்சான்னு கேப்பாங்களே" என்கிறார். நான் போய்ச் சொல்கிறேன் என்றாலும் காலைப் பிடித்துத் தடுக்கிறார். இன்னொரு பிள்ளை கீழே நிற்பான் அம்மா. அவர் கேட்கிற ஆள் நீங்கள் ஒருத்திதான்.

இப்படிக்கு,
கௌஸ் முகைதீன்


முவைலா, ஷார்ஜா
9-11-2006

தம்பி வீரபாண்டிக்கு,

மரியாதையுடன் உன் அக்கா எழுதுவது. தாமதத்திற்கு மன்னித்துவிடு. ஐந்து மாதத் தாமதம். கணக்குப் பார்த்தால் பத்து மாதம்.

கௌஸ் முகைதீன் அவர்கள் எழுதிவிட்டார். அவர் மேல் கோபப்படாதே.

அவர் கடிதத்தைப் படித்தபின், உன் கடிதங்கள் அனைத்தையும் எடுத்துச் சமையலறைத் தரையில் நாள்வாரியாகப் பரப்பினேன். என் கடிதங்களை எரிக்கச் சொன்னவள் உன் கடிதங்களை எரிக்கவில்லை. இலைகளை அப்படித்தான் பரப்பிப் பார்ப்பேன், பிணி எந்த இலையில் தொடங்கியது என்று. டிசம்பர்க் கடிதம் நேராக இருக்கிறது. சனவரி இருபதில் எழுத்துகள் உடைகின்றன. பிப்ரவரியில் உன் கையொப்பத்தில் 'வீ'யின் சுழி இரண்டு இடத்தில் விட்டுப்போயிருக்கிறது. ஏப்ரலில் பேனா தாளைக் கிழித்திருக்கிறது. இத்தனையும் என் கண்ணெதிரில் வந்தன. ஒவ்வொரு முறையும் உன் நலத்தை உன் கையெழுத்தில் காண வேண்டும் என்று எழுதிவிட்டு, கோடிட்ட தாள் வைத்து எழுது என்றேன். பாண்டித்துரை இறந்ததை எழுதினாய். ஒரு வரியில் ஆன்மாவை அனுப்பிவிட்டு உன் நாற்றுகளுக்கு வந்தேன். படுத்தால்தானே எழுவதற்கு என்றாய். காவல் கடமை என்றேன். உன் கடிதங்கள் முழுவதிலும் கை நடுங்காமல் நீ இழுத்த கோடு அந்த இலையின் ஓரம் ஒன்றுதான். அதைப் பார்த்துத்தான் கை நடுங்கியது என்றேன்.

ஊரார் செடிக்கெல்லாம் பிணி சொல்கிறவள் என்ற எண்ணம் எனக்கு மிகுதி. உன் மச்சானிடம் இதைச் சொன்னேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. "மொதல்ல அவனுக்கு எழுது. அப்புறம் ஒக்காந்து அழு" என்றார். சோஹாருக்கு வர விடுப்பும் கேட்டிருக்கிறார். கிடைக்குமா தெரியாது. ராதிகா ஒரு தாளில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதி, நான் படிக்கக்கூடாதென்று ஒட்டித் தந்தாள். இதனுள் வைத்திருக்கிறேன்.

செடியை அழிக்கச் சொன்னதில் எனக்கு மாற்றமில்லை. நாளை கேட்டாலும் அதையே சொல்வேன். அதைச் சொல்லிவிட்டு உன்னைக் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன். ஏன் தம்பி? என்ன நடந்தது அன்று? கௌஸ் பாய் எழுதியது எனக்குப் போதாது. நீ எழுது. கை மேலே போனதா போகவில்லையா என்று தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்றே எழுது. எங்கே தவறியதென்று எனக்குத் தெரியும் என்றாய். தெரியாது. தெரியாதவளாகத்தான் இதை எழுதுகிறேன்.

டிசம்பர் முதல் நாள் கிரேனுக்கு முன்னால் போய் நிற்காதே. ஃபோர்மேனிடம் 'என் கை நிற்கவில்லை' என்ற மூன்று சொல்லை உன் வாயால் சொல். அன்றும் ஆடியதா என்று கேட்டால், இன்று ஆடுகிறது என்று சொல். ஊருக்கு அனுப்புவார்களென்றால் அனுப்பட்டும். நீ சொல்லாவிட்டால் நானே உன் நிறுவனத்துக்கு எழுதுவேன். நீ என்னை வெறுத்தாலும் எழுதுவேன். இருபதாம் தேதிவரை பார்ப்பேன்.

என் கடிதங்கள் டப்பாவிலேயே இருக்கட்டும். கௌஸ் பாயிடம் சொல்லிவிட்டேன். ஜலஜா கறிவேப்பிலைக் கன்று கேட்டாள், கொடுத்தேன்.

கோணலாக இருந்தாலும் எழுது. பாதி எழுத்தாக இருந்தாலும் எழுது. திருத்த மாட்டேன்.

உன் அக்கா,
ஜெயமணி

உடனே பதில் எழுது.